கங்காரு மதர் கேர் வார்டுக்கு புதுசா வந்தவங்களுக்கு: ஒரு மணி நேரத்த 8 மணி நேரமா ஆக்குறது எப்படி

பச்சிளங்குழந்தை வார்டுல புதுசா டியூட்டி போட்டிருக்கிற நர்ஸ், ட்ரெய்னிங்ல இருக்கிற டாக்டர், வார்டு உதவியாளர், உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எடை கம்மியா பொறந்த குழந்தைய நடுவுல துணி எதுவும் இல்லாம அம்மா நெஞ்சோட ஒட்ட வெச்சுக்கிறதுதான் கங்காரு மதர் கேர், வார்டுல எல்லாரும் கேஎம்சின்னு சொல்வாங்க. போஸ்டர் செவுத்துல ஒட்டியிருக்கும், கேட்டா "நாங்களும் குடுக்கறோமே"ன்னுதான் எல்லா வார்டுலயும் சொல்வாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டுப் பாருங்க, அப்பதான் விஷயம் வெளிய வரும். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு அரை மணி நேரம், மீதி நேரமெல்லாம் குழந்தை தொட்டில்ல. உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்னது ஒரு நாளைக்கு 8லேர்ந்து 24 மணி நேரம், அதுவும் பொறந்து எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம். குழந்தைய எப்படி வைக்கிறதுன்னு ஒரே நாள்ல கத்துக்கலாம், அந்த மணி நேரத்த ஏத்துறதுதான் நிஜமான வேலை, அதனால ரெண்டையும் சேத்தே சொல்றேன்.

மொதல்ல ஏன்னு தெரிஞ்சுக்கோங்க

2.5 கிலோவுக்குக் கீழ பொறந்தா எடை கம்மி, 1.5 கிலோவுக்குக் கீழன்னா ரொம்பக் கம்மி. இந்தக் குழந்தைங்களுக்கு தோல் மெல்லிசு, தோலுக்கு அடியில கொழுப்பு ரொம்பக் கம்மி, எடைக்குப் பாத்தா தோல் பரப்பு ஜாஸ்தி, அதனால சூடு வேகமா வெளிய போயிரும். ஒடம்பு குளிர்ந்துச்சுன்னா குடிச்ச பாலோட சக்தி எல்லாம் சூடு பண்றதுக்கே செலவாகும், சுகர் இறங்கும், மூச்சு தடுமாறும், எடை ஏறாது. அம்மா நெஞ்சுல இருந்தா ஒடம்பு சூடு நிலையா இருக்கும், மூச்சு சீரா வரும், அம்மா தோல்ல இருக்கிற கிருமிங்கதான் மொதல்ல குழந்தைக்குப் பழகும், ஆஸ்பத்திரி கிருமி இல்ல, அம்மாவுக்கும் பால் நல்லா ஊறும். ஆனா இதெல்லாம் நெஞ்சுல இருக்கிற நேரத்துக்குத்தான், எறக்கி தொட்டில்ல போட்டா திரும்ப குளிர ஆரம்பிச்சிரும். அதனாலதான் மணிக்கணக்கு முக்கியம்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

இது ஆரம்பிச்சது 1978ல, கொலம்பியா நாட்டுல பொகோட்டா நகரத்துல, எட்கர் ரேன்னு ஒரு குழந்தை டாக்டர். குழந்தைய சூடா வெச்சுக்கிற இன்குபேட்டர் பெட்டி பத்தல, ஒரே இன்குபேட்டர்ல ரெண்டு மூணு குழந்தைங்க, ஒண்ணுகிட்டேர்ந்து ஒண்ணுக்கு தொற்று, அம்மாவ பாக்கவே விடாம பிரிச்சு வெச்சதால குழந்தைய விட்டுட்டுப் போறவங்களும் இருந்தாங்க, அந்த நெலமைல பொறந்த யோசனைதான் இது. அதனால "இன்குபேட்டர் இல்லாத எடத்துக்கான மாத்து வழி"ன்னு ஒரு பேரு வந்து ஒட்டிக்கிச்சு. அந்தப் பேர நீங்க நம்பாதீங்க. 2021ல வெளியான ஆய்வு ஒண்ணு, இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியான்னு 5 நாட்டுல பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல பண்ணது, 1 கிலோலேர்ந்து 1.8 கிலோவுக்குள்ள பொறந்த 3,200 குழந்தைங்க. பாதிப் பேருக்கு பொறந்த ஒடனே நெஞ்சுல வெச்சாங்க, மீதிப் பேருக்கு பழைய வழக்கப்படி குழந்தை ஸ்டேபிள் ஆனதுக்கு அப்புறம். பழைய வழக்கத்துல 28 நாளுக்குள்ள 100க்கு கிட்டத்தட்ட 16 குழந்தைங்க இறந்து போச்சு, ஒடனே வெச்சதுல 12. வித்தியாசம் அவ்ளோ தெளிவா இருந்ததால ஆய்வ முடிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. இதுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது வேற ஒரு நம்பர், தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்தப்போ ஒடனே நெஞ்சுல வெச்ச குரூப் குழந்தைங்க ஒரு நாளைக்கு சுமார் 17 மணி நேரம் நெஞ்சுல இருந்துச்சு, இன்னொரு குரூப் ஒன்றரை மணி நேரம். அந்த 17 எப்படி வந்துச்சுன்னா, குழந்தை இருக்கிற ரூம்லயே அம்மாவுக்கும் கட்டில் போட்டாங்க, அம்மாவால முடியாதப்போ குடும்பத்துல வேற ஒருத்தர வெச்சுக்க விட்டாங்க.

யாருக்கு எப்போ ஆரம்பிக்கலாம்

எடை கம்மியா இருக்கிற, இல்ல குறைமாசத்துல பொறந்த கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் குடுக்கலாம். தானா மூச்சு விட முடியாத குழந்தை, வெண்டிலேட்டர்ல இருக்கிற குழந்தை, ஷாக்ல, அதாவது ஒடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாம இருக்கிற குழந்தை, இவங்களுக்கு மட்டும் அது சரியாகற வரைக்கும் காத்திருக்கணும். சலைன் போகுது, ஆக்ஸிஜன் போகுது, மூக்கு வழியா டியூப்ல பால் போகுது, சீபாப் (மூக்கு வழியா அழுத்தமா காத்து குடுத்து மூச்சுக்கு ஒதவற மெஷின்) மாட்டியிருக்கு, இதெல்லாம் தடை இல்ல, ஒயர இழுத்துக்காம பாத்துக்கிட்டா போதும். புதுசா வர்றவங்க நெறைய பேரு செய்யற தப்பு "இன்னும் ரெண்டு நாள் போகட்டும், கொஞ்சம் எடை ஏறட்டும்"னு தள்ளிப் போடறதுதான், எடை ஏர்றதுக்குத்தானே இதையே குடுக்கறோம். சந்தேகமா இருந்தா டியூட்டி டாக்டர்கிட்ட "இந்தக் குழந்தைய நெஞ்சுல வைக்கலாமா"ன்னு கேக்காதீங்க, "வைக்கக் கூடாதுன்னு ஏதாவது காரணம் இருக்கா"ன்னு கேளுங்க, பதில் வேற மாதிரி வரும்.

அம்மாவுக்கு இருமல், காய்ச்சல், நெஞ்சுப் பக்கம் தோல்ல புண்ணு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டு அப்போதைக்கு வேற ஒருத்தர வெச்சுக்க சொல்லலாம். சிசேரியன் ஆன அம்மாவும் குடுக்கலாம், குழந்தை தையல் மேல படாம நல்லா மேல தள்ளி வைக்கணும், பக்கத்துல ஒரு ஆள் கட்டாயம் இருக்கணும்.

குழந்தைய வைக்கிற முறை

இத மட்டும் நிதானமா படிங்க, அவசரப்படாதீங்க.

அம்மா டாய்லெட் போயிட்டு, தண்ணி குடிச்சிட்டு, கை கழுவிட்டு வரட்டும், ஏன்னா குறைஞ்சது ஒரு மணி நேரம் குழந்தைய எறக்கக் கூடாது, அடிக்கடி எடுத்து வெச்சுக்கிட்டு இருந்தா குழந்தைக்கு அதுவே அலைச்சல். முன்பக்கம் தெறக்கிற சட்டை, உள்ள எதுவும் இல்லாம, செயின் இருந்தா கழட்டி வெச்சிருங்க. நாற்காலின்னா பின்னாடி சாயற நாற்காலி, கட்டில்னா தலைமாட்ட தூக்கிக்கோங்க. குழந்தைக்கு தொப்பி, சாக்ஸ், டயப்பர், அவ்ளோதான், வேற துணி வேணாம்.

தூக்கும்போது ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில, இன்னொரு கை பின்பக்கத்துல. அம்மாவோட ரெண்டு மார்புக்கும் நடுவுல நிமுத்தி வைங்க, குழந்தை நெஞ்சு அம்மா நெஞ்சுல ஒட்டணும், வயிறு அம்மாவோட மேல்வயித்துல படணும். கால் ரெண்டும் மடங்கி வெளிப்பக்கமா விரிஞ்சு தவளை மாதிரி இருக்கும், கையும் மடங்கியிருக்கும். தலைய ஒரு பக்கமா திருப்பி லேசா நிமித்தி வைங்க. தாடை நெஞ்சுல குத்திக்கிட்டு இருந்தா மூச்சுக்குழாய் மடங்கிரும், ரொம்ப பின்னாடி சாஞ்சாலும் அதே கதைதான். எப்பவும் குழந்தை மூக்கும் வாயும் அம்மா கண்ணுக்குத் தெரியணும், இத மட்டும் பத்து தடவ சொன்னாலும் தப்பில்ல.

அப்புறம் கட்டுத் துணி. மேல் ஓரம் குழந்தை காதுக்கு சரியா கீழ வரணும், நெஞ்சுப் பக்கம் கெட்டியா, வயித்துப் பக்கம் தளர்வா. இறுக்கிக் கட்டுனா வயிறு விரிய எடமில்லாம மூச்சு தெணறும், தளர்த்திக் கட்டுனா அம்மா எந்திரிச்சதும் குழந்தை கீழ சரிஞ்சு முகம் துணிக்குள்ள போயிரும். கட்டுனதுக்கு அப்புறம் அம்மாவ எந்திரிச்சு நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்க, கைய எடுத்தாலும் குழந்தை அசையாம நின்னா கட்டு சரி. மேல சட்டைய மூடி ஒரு போர்வை போத்திருங்க.

மொத தடவ வைக்கும்போது அம்மாங்க முகத்த பாருங்க. 1.3 கிலோ குழந்தைய வெச்ச ஒரு அம்மா எனக்கு இன்னும் ஞாபகத்துல இருக்காங்க, கால் மணி நேரம் மூச்சக் கூட இழுத்து விடாம ஒக்காந்திருந்தாங்க, "சிஸ்டர், நான் மூச்சு விட்டா இது கீழ விழுந்துருமா"ன்னு கேட்டாங்க. நல்லா ஆழமா விடுங்கம்மா, உங்க மூச்சு ஏறி எறங்கறதப் பாத்துத்தான் அதுவும் மூச்சு விடக் கத்துக்கும்னு சொன்னேன். கொஞ்ச நேரத்துல குழந்தையோட வெரல் அவங்க தோல்ல விரிஞ்சு பதிஞ்சு அப்படியே தூங்கிருச்சு, அதப் பாத்ததுக்கு அப்புறம்தான் அவங்க தோள்பட்டை எறங்குச்சு. அந்த மொதல் அரை மணி நேரம் நீங்க பக்கத்துலயே நில்லுங்க. அம்மா பயத்தோட விட்டுட்டாங்கன்னா மறுநாள் ஏதாவது காரணம் சொல்லி தவிர்ப்பாங்க, அந்தக் குழந்தைக்கு மணிக்கணக்கு ஏறவே ஏறாது.

வெச்சதுக்கு அப்புறம் என்ன பாக்கணும்

அக்குள்ல சூடு 36.5லேர்ந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். தெர்மாமீட்டர் கைல இல்லாத நேரத்துக்கு அம்மாவுக்கு தொட்டுப் பாக்கக் கத்துக்குடுங்க: வயிறும் பாதமும் ரெண்டும் வெதுவெதுன்னு இருந்தா நல்லா இருக்கு, வயிறு சூடா பாதம் ஜில்லுன்னு இருந்தா குளிர ஆரம்பிச்சிருக்கு, ரெண்டும் ஜில்லுன்னா ஒடனே கூப்பிடணும். மூச்சு நிமிஷத்துக்கு 60க்கு மேல போறது, நெஞ்சு உள்ள இழுக்கறது, ஒதடு நீலமாகறது, பால் வாங்காம தொவண்டு கெடக்கறது, வெட்டி வெட்டி இழுக்கறது, ஒடம்பு மஞ்சளாகறது, இதுல எது வந்தாலும் "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" வேணாம். குறைமாசக் குழந்தை சில நேரம் மூச்சு விடவே மறந்துரும், 20 செகண்டு நின்னா முதுக நல்லா தேய்க்கணும், திரும்ப மூச்சு வரலன்னா சத்தம் போட்டு ஆளக் கூப்பிடணும், இத அம்மாவுக்கு வாயால மட்டும் சொல்லாம செஞ்சு காமிங்க.

பால் பத்தி சுருக்கமா. உறிஞ்சி, முழுங்கி, மூச்சும் விடறது மூணும் ஒத்துவர பொதுவா வயித்துல இருந்த வாரத்தையும் சேத்து 34 வாரம் ஆகும், அதுவரைக்கும் பீய்ச்சுன தாய்ப்பால டியூப்லயோ பாலாடைலயோ சின்ன கப்லயோ 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவ குடுப்போம். டியூப் ஃபீட நெஞ்சுல வெச்சுக்கிட்டே குடுக்கலாம், அதுக்காக எறக்க வேணாம். குழந்தைய நெஞ்சுல வெச்சிருந்த ஒடனே பீய்ச்சுனா பால் நல்லா வரும், அந்த நேரத்த விட்றாதீங்க. மொத வாரம் எடை 10 சதவீதம் வரைக்கும் கொறையலாம், அதுக்கு அம்மா பதறுவாங்க, முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க. அப்புறம் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 கிராமாவது ஏறணும்.

மணி நேரம் எங்க தொலையுதுன்னு கண்டுபிடிக்கிறது

நெறைய வார்டுல சறுக்குறது இங்கதான். எங்க வார்டுலயும் சறுக்குனோம். நாள் பூரா கேஎம்சி நடக்குதுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தோம், ஒரு வாரம் எழுதிப் பாத்தா எந்தக் குழந்தையும் ரெண்டு மணி நேரத்தத் தாண்டல.

ஒரு வெள்ளைத் தாள எடுங்க, 24 கட்டம் போடுங்க, ஒரு கட்டம் ஒரு மணி நேரம். கட்டில் தலைமாட்டுல பேனாவோட தொங்க விடுங்க. குழந்தைய வெச்சதும் அம்மாவே கட்டத்த நெறப்பட்டும், நர்ஸ் நெறப்ப வேணாம், ஏன்னா நாம ஷிப்ட் முடியற நேரத்துல குத்துமதிப்பா எழுதிருவோம். எழுதத் தெரியாத அம்மான்னா ஒரு கோடு போட்டா போதும். காலியா இருக்கிற கட்டத்தப் பாத்து ஏன் காலியா இருக்குன்னு அம்மாகிட்டயே கேளுங்க, குத்தம் சொல்ற தொனில கேக்காதீங்க, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேளுங்க.

எங்களுக்குக் கெடச்ச பதில் எல்லாமே எங்க பக்கத் தப்பு. ரவுண்ட்ஸ் வரும்போது "எல்லாரும் வெளிய போங்க"ன்னு நாங்களே அனுப்பிட்டு இருந்தோம், அதுல காலைல மூணு மணி நேரம் போச்சு. ரத்தம் எடுக்க, எடை பாக்க எறக்குன குழந்தைய யாரும் திரும்ப நெஞ்சுல வைக்கல, தொட்டில்லயே விட்டுட்டோம். ஒக்கார்ற எடம் முதுகு சாய வழியில்லாத ஸ்டூலு, பச்ச ஒடம்பு, தையல் வலி, அதுல எவ்ளோ நேரம் ஒக்கார முடியும், நாம ஒக்காருவோமா. பால் பீய்ச்சற ரூம் வேற மாடில, போய்ட்டு வர்றதுக்கே முக்கா மணி நேரம். ராத்திரி அம்மாங்க எல்லாரையும் வேற வார்டுல படுக்க வெச்சோம், அதுல பத்து மணி நேரம்.

இப்படி லிஸ்ட் கைல வந்ததுக்கு அப்புறம் செலவில்லாதத மொதல்ல மாத்துங்க. ரவுண்ட்ஸ்ல அம்மா உள்ளயே இருக்கட்டும், குழந்தைய நெஞ்சுல வெச்சே டாக்டர் பாக்கலாம், சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு, பாக்கலாம், குதிகால்ல ரத்தம் கூட எடுக்கலாம், நெஞ்சுல இருக்கும்போது குத்துனா குழந்தைக்கு வலியும் கம்மியாத்தான் தெரியும். "எறக்குனவங்கதான் திரும்ப ஏத்தணும்"னு ஒரு விதி போடுங்க, அது ஒண்ணே எங்களுக்கு நெறைய நேரத்த மீட்டுக் குடுத்துச்சு. அப்புறம் சாய்வு நாற்காலி, திரை, குழந்தை தொட்டில் பக்கத்துலயே அம்மா கட்டில், இதுக்கெல்லாம் மேல எழுதிக் கேக்கணும், கேக்கும்போது வெறும் கோரிக்கையா அனுப்பாம அந்த மணிக்கணக்கு தாளையும் சேத்து வைங்க. "ஸ்டூல்ல 40 நிமிஷம், சாயற நாற்காலில ரெண்டரை மணி நேரம்"னு தாள்லயே தெரிஞ்சா நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கும் முடிவெடுக்க ஈஸியா இருக்கும்.

டார்கெட் வைக்கும்போது ஒரே நாள்ல 8க்கு தாவாதீங்க. மொத நாள் ரெண்டு மணி நேரம், அடுத்து நாலு, அப்புறம் ஆறுன்னு ஏத்துங்க, அம்மாவே தாளப் பாத்து "நேத்தைக்கு விட ஒரு கட்டம் ஜாஸ்தி"ன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க.

அம்மா மட்டும் தனியா செய்ய முடியாது

அம்மாவும் சாப்பிடணும், குளிக்கணும், தூங்கணும், பிரசவம் ஆன ஒடம்பு அது. அந்த நேரத்துக்கு அப்பா, பாட்டி, சித்தி, அத்தை, ஆரோக்கியமா இருக்கிற யார் வேணாலும் வெச்சுக்கலாம், அதே மாதிரி கை கழுவி, சட்டையக் கழட்டி, அதே கட்டு. அம்மாவுக்கு ஒடம்பு முடியாம ஐசியூல இருந்தா அப்பாகிட்டயே ஆரம்பிச்சிருங்க, காத்திருக்க வேணாம். ஆம்பளைங்கள வார்டுக்குள்ள விடறதுக்கு நெறைய எடத்துல தயக்கம் இருக்கு, மத்த அம்மாங்களுக்கு மறைவு வேணும்ங்கறது நியாயம்தான், அதுக்கு திரை போடலாம், நேரம் ஒதுக்கலாம், கதவ மூடி வைக்கிறது அதுக்கு பதில் இல்ல. மொதல்ல கூச்சப்பட்டு ஓரமா நிக்கிற அப்பாங்க பாதிப் பேரு, ஒரு தடவ வெச்சதுக்கு அப்புறம் அடுத்த நாள் டைமுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க. ரெட்டைக் குழந்தைன்னா ரெண்டையும் ஒண்ணா அம்மாவே வெச்சுக்கலாம், இல்ல அம்மாகிட்ட ஒண்ணு அப்பாகிட்ட ஒண்ணு.

குடும்பத்துல பெரியவங்கள ஆரம்பத்துலயே கூப்பிட்டு வெச்சு சொல்லிக் காமிங்க. "துணி சுத்தாம இப்படி போட்டா குளிராதா"ன்னு கேக்கற பாட்டிய குழந்தை பாதத்தத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, வேற விளக்கமே தேவைப்படாது.

ராத்திரி தூக்கம் பத்தி ஒண்ணு கறாரா சொல்லணும். அம்மா தூங்கலாம், ஆனா மல்லாக்க மட்டமா படுத்துக்கிட்டு இல்ல, தலைமாடு தூக்கி சாஞ்ச நெலைல, கட்டு கெட்டியா, குழந்தை மூக்கு தெரியற மாதிரி, சுத்தி சுத்தி வந்து பாக்க ஒரு ஆள் முழிச்சிருக்கணும். தூக்க மாத்திரையோ மயக்கம் குடுக்கற மருந்தோ எடுத்த அம்மாகிட்ட குழந்தைய வெச்சுட்டு நகர்ந்து போகவே கூடாது.

வீட்டுக்குப் போறப்போ

டிஸ்சார்ஜ்னா கேஎம்சி முடிஞ்சுதுன்னு நெறைய குடும்பம் நெனச்சுக்குது, அந்த நெனப்ப கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்தணும். சூடு நிலையா இருக்கணும், தொடர்ச்சியா மூணு நாள் எடை ஏறியிருக்கணும், பால் நல்லா குடிக்கணும், அம்மா நம்ம ஒதவி இல்லாம தானே கட்டி தானே எடுக்கணும், இந்த நாலும் இருந்தா அனுப்பலாம். கடைசி ரெண்டு நாள் நீங்க கைய கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. அந்த மணிக்கணக்கு தாளையும் குடுத்து அனுப்புங்க, வீட்டுல அத நெறப்பிக்கிட்டு 2, 3 நாளுக்குள்ள ஒரு தடவ வரட்டும், அப்புறம் வாராவாரம் எடை பாக்கட்டும்.

வீட்டுல நடக்குமான்னு சந்தேகம் வேணாம். ஹரியானால 1.5 கிலோலேர்ந்து 2.25 கிலோ வரைக்கும் இருந்த 8,400 குழந்தைங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2019ல வெளியாச்சு, பயிற்சி குடுத்த பணியாளர்ங்க வீடு வீடாப் போய் அம்மாங்களுக்கு சொல்லிக்குடுத்து வீட்டுலயே நடந்தது. மொதல் மாசத்துல இறப்பு 1,000க்கு 23ங்கறது 16ஆ கொறஞ்சுது.

எப்போ நிறுத்தறதுன்னு எல்லா அம்மாவும் கேப்பாங்க. 2.5 கிலோ பக்கம் வரும்போது குழந்தையே காமிச்சுக் குடுக்கும், கட்டுக்குள்ள நெளியும், கைய வெளிய இழுக்கும், கால ஒதைக்கும், வைக்கப் போனாலே அழும். அப்போ விட்டுரலாம். அதுக்கு அப்புறமும் குளிப்பாட்டுன ஒடனே, இல்ல குளிர் ஜாஸ்தியா இருக்கிற ராத்திரில, கொஞ்ச நேரம் சட்டைக்குள்ள போட்டுக்கலாம், அதுக்கு மட்டும் எந்தக் குழந்தையும் மறுப்பு சொல்லி நான் பாத்ததில்ல.